கலோரிக் கணக்கும் வயிற்றின் கணக்கும்: டயட்டுக்கு மாற்றாக யோகாவும் கவனித்துச் சாப்பிடுவதும்

டயட் தொடங்கிய பலருக்கு முதல் இரண்டு மூன்று மாதம் எடை இறங்குகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு கட்டத்தில் எடை அசைய மறுக்கும். பிறகு மெல்ல ஏறும். இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய இடத்துக்கே வந்து, சிலருக்கு அதையும் தாண்டிப் போய் நிற்கும். உடனே அடுத்த டயட். மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று பழி எப்போதும் ஆளின் மேல்தான் விழுகிறது. உடலியலைக் கேட்டால் அது வேறு காரணம் சொல்கிறது.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் எடுக்க மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து இதில் கலந்துகொண்டார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. நாளுக்கு ஏறத்தாழ 1,600 கலோரிதான். இன்று டயட் அட்டவணைகளில் 1,200, 1,500 என்று சர்வசாதாரணமாகப் போடுகிறார்களே, அதைவிட இது அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். எடையில் கால் பங்கு குறைந்தது. கூடவே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் நிறைவு வரவில்லை. மீண்டும் எடை ஏறியபோது உடல் கொழுப்பு பழைய அளவைத் தாண்டியது. மெதுவாகச் சாப்பிட்டாலே போதும் என்று சொல்பவர்கள் இங்கே சற்று நிற்கலாம். அந்த இளைஞர்களைவிட மெதுவாக யாரும் சாப்பிட்டிருக்க முடியாது. அது பட்டினியின் மெதுவே தவிர, கவனத்தின் மெது இல்லை.

பிற்கால ஆய்வுகள் இதன் உள்வேலையைக் காட்டின. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் இருந்து எடை குறைத்தவர்களுக்கு, ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் உயர்ந்தே இருந்தது; நிறைவைச் சொல்லும் லெப்டின், பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் தாழ்ந்தே இருந்தன. எடை குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் குழுவினர் அளந்தார்கள். பெரும்பாலானோருக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனால் ஓய்வில் அவர்கள் உடல் எரிக்கும் ஆற்றல், அந்த உடல்வாகுக்கு எதிர்பார்க்கும் அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. வருமானம் குறைந்த வீட்டில் செலவைச் சுருக்குவதுபோல உடலும் சுருக்கிக்கொள்கிறது. வருமானம் திரும்பிய பிறகும் பழக்கத்தை விடுவதில்லை.

மனத்தின் பக்கம் நடப்பது இன்னும் விசித்திரம். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவியர் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு 'ருசி பார்க்க' என்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். டயட் பழக்கம் இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்ததற்கு ஏற்ப ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டோடு சாப்பிடுபவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'இன்றைக்குத்தான் கெட்டுப்போயிற்றே, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்' என்ற கணக்கு அது. எப்போது நிறுத்துவது என்பதை வயிறு சொல்லாமல் விதி சொல்லும்போது, விதி உடைந்த நொடியில் நிறுத்தச் சொல்ல ஆளே இல்லை.

யோகாவும் கவனித்துச் சாப்பிடுவதும் இந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன. அவை உடலின் குறிப்பைப் படிக்கும் திறமையைத் திரும்பக் கொடுக்கின்றன. இன்னொரு எடை குறைப்புத் திட்டமாக நினைத்து அவற்றில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

யோகாவில் எவ்வளவு எரிகிறது என்ற கேள்வி

முதலில் இந்தக் கேள்வியைத் தீர்த்துவிடலாம். சாதாரண ஹட யோகப் பயிற்சியில் 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரத்தில் செலவிடுவது ஏறத்தாழ 150 கலோரி. அதே நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 60, 70 கலோரி செலவாகியிருக்கும். ஆக, கூடுதலாக எரிந்தது நான்கைந்து பிஸ்கட்டுக்குக்கூடத் தேறாது. வேகமாகச் செய்யும் சூரிய நமஸ்காரத்தில் இது கொஞ்சம் ஏறும், அவ்வளவே. சூடேற்றிய அறையில் வியர்க்க வியர்க்கச் செய்வதில் உடனே குறையும் எடை தண்ணீர் எடை. இரண்டு மூன்று குவளை குடித்தால் திரும்பிவிடும். இதயத்துக்கும் தசைக்கும் வேண்டிய உழைப்பையும் யோகா முழுதாகத் தராது. உலகச் சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்புக்கு வேக நடை, சைக்கிள், நீச்சல் என ஏதாவது வேறாக வேண்டும்.

அப்படியானால் யோகா செய்பவர்களிடம் எடை ஏறுவது குறைவாக இருப்பது ஏன்? சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் 53 முதல் 57 வயதுவரை உள்ள 15,550 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2005இல் ஒரு முடிவை வெளியிட்டது. நடுவயதின் பத்து ஆண்டுகளில், ஏற்கெனவே அதிக எடை இருந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் யோகா செய்தவர்கள் சராசரியாக இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தார்கள். செய்யாதவர்கள் ஆறு கிலோ ஏறியிருந்தார்கள். இது நினைவிலிருந்து சொன்ன தகவல்களை வைத்துச் செய்த ஆய்வு. யோகாதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எரிந்த கலோரியால் இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை என்பது அந்தக் குழுவுக்கே உறுத்தியிருக்க வேண்டும். அவர்களே பிறகு 28 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். நிறைந்ததும் நிறுத்துகிறாரா, கவனம் சிதறிச் சாப்பிடுகிறாரா, கவலையில் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் அது கேட்கும். 2009இல் வெளியான முடிவில், யோகா செய்பவர்கள் அந்த அளவுகோலில் உயர்ந்து நின்றார்கள். நடைப்பயிற்சிக்கோ மற்ற உடற்பயிற்சிகளுக்கோ அந்தத் தொடர்பு தெரியவில்லை.

வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பெரிய தடம் வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு, உள்ளுறுப்புகளிலிருந்து மேலே போகும் இழைகள். உடலிலிருந்து செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது; கேட்கத்தான் ஆள் இருப்பதில்லை. ஆசனத்தில் நின்று மூச்சைக் கவனிப்பதும், தொடையின் நடுக்கத்தைக் கவனிப்பதும் இந்தக் கேட்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன.

இது யோக மரபுக்குப் புதிது இல்லை. ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் மிதாகாரம் (அளவாக உண்பது) என்று சொல்லும்போது, வயிற்றில் கால் பங்கைக் காலியாக விட்டு உண்ணச் சொல்கிறது. அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே கிடப்பவனுக்கும் இல்லை என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். குறளின் 'மருந்து' அதிகாரம் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறது. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, 'துவரப் பசித்து' உண் என்கிறது. யோகா என்றால் பச்சை இலையும் பட்டினியும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு உதவும் ஆசனங்கள்

நாளுக்கு 20 முதல் 25 நிமிடம் போதும்; வாரம் ஐந்து நாள். வயிறு காலியாக இருக்க வேண்டும்: முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று நான்கு மணி நேரம், சிற்றுண்டிக்குப் பின் ஒன்றரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மாலை உணவுக்கு முந்திய நேரம் நல்லது. பலருக்கும் கட்டுப்பாடு கைநழுவும் நேரம் அதுதான்.

மல்லாந்து படுத்து ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை மார்பிலும் வைத்து இரண்டு நிமிடம் மூச்சைக் கவனிக்கவும். வயிற்றுக் கை எழும்பாமல் மார்புக் கை மட்டும் எழும்பினால் மூச்சு மேலோட்டமாக இருக்கிறது என்று பொருள். திருத்த முயலாமல் பார்த்தால் போதும், அதுவே இறங்கிவரும். அடுத்து கை, முட்டி ஊன்றி, பூனைபோல முதுகை மேலும் கீழும் வளைக்கும் மார்ஜாரி ஆசனம் எட்டு முறை. பிறகு நேராக நிமிர்ந்து நிற்கும் தாடாசனம் ஒரு நிமிடம், அதிலிருந்து உத்கடாசனம்.

உத்கடாசனத்தில் கொஞ்சம் நிற்கலாம். இந்தப் பயிற்சியின் சாரமே இங்குதான் இருக்கிறது. பாதங்களை இடுப்பகலம் பிரித்து, நாற்காலியில் உட்காரப்போவதுபோல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறக்க வேண்டும். முட்டி கால்விரல் நுனியைத் தாண்டி முன்னே வரக் கூடாது, எடை குதிகாலில் இருக்க வேண்டும். ஐந்து மூச்சு. மூன்றாவது மூச்சில் தொடை சூடேறும். 'போதும், எழுந்துவிடு' என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலும் தொடையின் சூடும் வேறு வேறு என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. சூடு எங்கே இருக்கிறது, தொடையின் முன்பக்கமா முட்டிக்கு மேலா, ஏறுகிறதா, அலைபோல வந்து போகிறதா? முட்டியில் குத்தல் என்றால் உடனே எழ வேண்டும், அது வலி. தசையின் எரிச்சல் என்றால் இன்னும் இரண்டு மூச்சு இருந்து பார்க்கலாம். மூன்று முறை செய்தால் போதும். இரவு பத்து மணிக்குச் சாக்லேட்டைத் தேடிக் கை போகும்போது எழுவதும் இதே குரல்தான். சங்கடத்துக்கும் செயலுக்கும் நடுவே நாலு மூச்சு விடத் தெரிந்தவருக்கு அங்கே தேர்வு என்று ஒன்று கிடைக்கிறது.

இதற்குப் பின் ஒரு காலை முன்னே வைத்து முட்டி மடக்கி நிற்கும் வீரபத்ராசனம் பக்கத்துக்கு ஐந்து மூச்சு, குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனம் மூன்று முறை, உட்கார்ந்து காலை நீட்டி முன்னே குனியும் பச்சிமோத்தானாசனம் எட்டுப் பத்து மூச்சு (முட்டியை மடக்கியே வைக்கலாம், விரலைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை), லேசான முறுக்கு ஒன்று இரு பக்கமும். கடைசியில் மல்லாந்து அசையாமல் கிடக்கும் சவாசனம் ஐந்து நிமிடம், பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வொரு இடமாகக் கவனத்தை நகர்த்தியபடி. வயிற்றுக்கு வரும்போது மட்டும் கூடுதலாகப் பத்து விநாடி நின்று, அங்கே காலியா, இறுக்கமா, பசியா என்று பார்க்கவும். நேரம் இல்லாத நாளில் எதை விட்டாலும் இதை விட வேண்டாம். பலர் நேர்மாறாகச் செய்வார்கள். வியர்வை வரும் பகுதியை வைத்துக்கொண்டு சவாசனத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

மூச்சுப் பயிற்சியில் நான்கு எண்ணி உள்ளே இழுத்து ஆறு எண்ணி வெளியே விடுவது எளிது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். உணவுக்கு முன் இரண்டு நிமிடம் செய்தால் படபடப்பு அடங்கும். வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதியைத் 'தொப்பை கரைக்கும் மூச்சு' என்று விற்கிறார்கள். வயிற்றுத் தசை வேலை செய்கிறது என்பது சரி. ஆனால் வேலை செய்யும் இடத்துக் கொழுப்பு அங்கேயே கரையும் என்பது நடவாத காரியம். கர்ப்பிணிகள், உயர் ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்.

உணவுக்குப் பின் செய்யத்தக்கதாக மரபில் சொல்வது வஜ்ராசனம் (முட்டி மடக்கிக் குதிகால் மேல் உட்காருவது), ஐந்து முதல் பத்து நிமிடம். முட்டி உறுத்தினால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே மடித்த போர்வை வைக்கலாம். அப்போதும் உறுத்தினால் விட்டுவிடலாம், பத்து நிமிடம் நடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பசியின் எண்

கவனித்துச் சாப்பிடும் பயிற்சிக்கு உலகம் முழுக்கப் பயன்படும் கருவி பத்துப் புள்ளி அளவுகோல். 1 என்றால் கை நடுங்கும் பட்டினி, 10 என்றால் மூச்சு முட்டும் நிறைவு. 3 அல்லது 4இல் தொடங்கி 6 அல்லது 7இல் நிறுத்துவது இலக்கு. 3 எப்படி இருக்கும்? வயிற்றில் மெல்லிய வெறுமை, சாப்பாட்டை நினைத்தால் சாதாரண உணவும் ருசியாகத் தோன்றும், எரிச்சல் இன்னும் வரவில்லை. 7 என்றால் பசி போய்விட்டது, வயிறு இருப்பது தெரிகிறது, எழுந்து நடக்கச் சிரமமில்லை.

முதல் ஐந்து நாள் எதையும் மாற்ற வேண்டாம். சாப்பிடும் முன்னும் பின்னும் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளவும். பெரும்பாலோர் இதில் இரண்டு விஷயம் கண்டுபிடிப்பார்கள். ஒன்று, 5இல், அதாவது பசியே இல்லாமல், பலமுறை சாப்பிடுகிறோம். இரண்டு, பசியை அடக்கி அடக்கி 1இல் போய் உட்காரும் வேளைகளில்தான் 9, 10 வருகிறது. இரண்டாவதுதான் மோசம். 1இல் உட்கார்ந்தவரிடம் மெதுவாகச் சாப்பிடு என்று சொல்லிப் பயனில்லை. உடல் அவசர நிலையில் இருக்கிறது. அதற்கு மருந்து, இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு சிற்றுண்டி.

வயிறு உறுமுவதைப் பசியின் முத்திரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிறும் சிறுகுடலும் காலியாக இருக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எச்சத்தைக் கீழே தள்ளும் சுருக்க அலை ஓடும். உறுமல் பெரும்பாலும் அதன் ஓசை. அது போல, வழக்கமான சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது கிரெலின் தானாகவே ஏறும், சற்று நேரத்தில் இறங்கவும் செய்யும். இருபது நிமிடம் கழித்தும் நிற்கிறதா, எளிய உணவு கிடைத்தாலும் சரி என்று தோன்றுகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அது பசி. திடீரென வந்து, குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் கேட்டால் அது பசி இல்லை, ஆசை.

பல ஆண்டு டயட்டில் இருந்தவர்களுக்கு இந்த எண்களே தெரியாமல் போகலாம். காலையில் பசிக்கவே பசிக்காது, இரவில் அடங்காது. அவர்கள் 'பசித்தால் சாப்பிடு' என்று தொடங்கினால் தோற்பார்கள். முதல் மூன்று வாரம் கடிகாரத்தைப் பார்த்தே, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று வேளை உணவும் ஒன்றிரண்டு சிற்றுண்டியும் சாப்பிட வேண்டும். வேளை தவறாமல் உணவு வரும் என்ற நம்பிக்கை உடலுக்கு வந்த பிறகே பசியும் வேளைக்கு வரத் தொடங்கும்.

ஒரு வாய்

ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில் ஒரு உலர் திராட்சையை வைத்துத்தான் பாடம் ஆரம்பிக்கும். இதை வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போவது நல்லது. மூன்று நிமிடம் போதும். உள்ளங்கையில் வைத்து மடிப்புகளைப் பார்க்கவும். மூக்கருகே கொண்டுபோகவும், வாயில் நீர் ஊறுவது அப்போதே தெரியும். நாக்கில் வைத்துக் கடிக்காமல் பத்து விநாடி. பிறகு ஒரே ஒரு கடி. இனிப்பு எந்தப் பக்கம் முதலில் தெரிகிறது, அதற்குள் ஒரு புளிப்பும் இருக்கிறதா? மெல்ல மெல்ல ருசி ஏறி, ஓர் இடத்தில் மங்கும். விழுங்க வேண்டும் என்ற உந்துதல் விழுங்குவதற்கு முன்னாலேயே வருகிறது. அதைப் பிடித்துவிட்டால் பயிற்சி முடிந்தது.

முழுச் சாப்பாட்டையும் இப்படிச் சாப்பிட முயலக் கூடாது. முதல் நாள் ஆர்வத்தில் நாற்பது நிமிடம் தட்டோடு உட்கார்ந்தவர்கள் நாலாம் நாள் விட்டுவிடுவார்கள். நாளுக்கு ஒரு வேளை, அதிலும் முதல் ஐந்து நிமிடம் மட்டும். திரை எதுவும் எதிரில் வேண்டாம். உட்கார்ந்ததும் மூன்று மூச்சு. எண்ணைப் பார்த்துக்கொள்ளவும். முதல் மூன்று வாய்க்கு முழுக் கவனம். விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய்க்குக் கையோ கரண்டியோ தட்டுக்குப் போக வேண்டும். எத்தனை முறை மெல்வது என்று எண்ணத் தொடங்கினால் கவனம் ருசியை விட்டுக் கணக்குக்குப் போய்விடும், எண்ண வேண்டாம். பிறகு இயல்பாகச் சாப்பிடலாம், பேசலாம். பாதித் தட்டு ஆனதும் ஒருமுறை நிறுத்தி முப்பது விநாடி சும்மா இருக்கவும். அப்போது ஒரு கேள்வி: இந்த வாய் முதல் வாயைப் போல ருசிக்கிறதா? ஒரே உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன் இன்பம் குறைந்துகொண்டே போகும் என்று பார்பரா ரோல்ஸும் மற்ற ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்திலேயே காட்டினார்கள். வயிறு நிறைவைச் சொல்வதற்கு முன்பே நாக்கு சொல்லிவிடும் குறிப்பு அது. பல வகை உணவு பரப்பி வைத்த விருந்தில் அளவு மீறுவது இதனால்தான். ஒன்று மங்கும்போது இன்னொன்று புதிதாக வருகிறது.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்கும் உடலியல் காரணம் உண்டு. இரைப்பை விரிவதை நரம்புகள் உடனுக்குடன் சொல்கின்றன. ஆனால் உணவு சிறுகுடலைத் தொட்ட பிறகு சுரக்கும் சிசிகே, ஜிஎல்பி-1 போன்ற நிறைவு ஹார்மோன்கள் செயல்படச் சில நிமிடங்கள் முதல் கால் மணி நேரம்வரை ஆகும். பிஒய்ஒய் உச்சம் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏழு நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்குச் செய்தி வந்து சேரும்போது இரண்டாம் முறை பரிமாறி முடிந்திருக்கும். ஒரு வேளைக்கு 20 நிமிடம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்; அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாமல், இப்போதைய வேகத்தில் ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். திரை பார்த்துக்கொண்டே சாப்பிடுவதில் இன்னொரு நஷ்டம் உண்டு. அந்த வேளையில் மட்டுமில்லை, அடுத்த வேளையிலும் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று 2013இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. என்ன சாப்பிட்டோம் என்ற நினைவே மங்கிவிடுகிறது.

இந்தத் துறையில் சொல்லப்படும் எல்லாவற்றையும் நம்பிவிட வேண்டாம். தட்டைச் சிறிதாக்கினால் போதும், பாத்திரத்தை மாற்றினால் போதும் என்ற பிரபலமான குறிப்புகளில் பல ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை. பாத்திர அளவைப் பற்றிய ஒன்று உட்பட அந்த ஆய்வகத்தின் பல கட்டுரைகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

ஆசை வந்தால்

தடுத்தால் மினசோட்டாக் கதை. உடனே இணங்கினால் பழைய கதை. நடுவே ஒரு வழி: பத்து நிமிடம் தள்ளிப்போட்டு, அந்த ஆசை உடலில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. தாடையிலா, தொண்டையிலா, நெஞ்சின் பரபரப்பிலா? உத்கடாசனத்தில் பழகியது இங்கே கைகொடுக்கும். பல நேரங்களில் அது ஏறி, நின்று, வடியும். வடியாவிட்டால் சாப்பிடலாம், பையிலிருந்து நேராக வாய்க்குப் போகாமல், தட்டில் எடுத்துப்போட்டு, உட்கார்ந்து, குற்ற உணர்ச்சி இல்லாமல். 'ஜெயித்தேன், தோற்றேன்' என்ற பேச்சு நுழைந்துவிட்டால் இது வேடம் மாறிய டயட் ஆகிவிடும். 7ஐத் தாண்டிச் சாப்பிட்ட நாளில் அடுத்த வேளையைத் தவிர்த்து ஈடுகட்டுவதும் அப்படித்தான். அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிட வேண்டும்.

கவனம் எல்லா உணவையும் சமாளித்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. கெவின் ஹால் குழு 2019இல் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தது. வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது, வேகமாகவும் போனது. மெல்ல வேண்டியே இராத உணவு, குறிப்பு வருவதற்குள் இறங்கிவிடுகிறது. நார்ச்சத்தும் புரதமும் உள்ள, பல்லுக்கு வேலை வைக்கும் உணவில்தான் வயிற்றின் குரல் தெளிவாகக் கேட்கும்.

தூக்கமும் அப்படியே. 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியது. தூங்காத மறுநாள் வரும் எண்களை நம்பாமல், வேளைக்குச் சாப்பிட்டுவிடுவது உத்தமம்.

என்ன எதிர்பார்க்கலாம், யார் விலக வேண்டும்

ஜீன் கிறிஸ்டெல்லர் 1990களிலிருந்து உருவாக்கிய கவன உணவுப் பயிற்சியை 150 பேரிடம் சோதித்து 2014இல் முடிவு வெளியானது. அடங்காமல் அள்ளிச் சாப்பிடும் கோளாறு இருந்தவர்களில், பயிற்சி முடிந்து நான்கு மாதம் கழித்து 95 விழுக்காட்டினர் அந்த நோயறிகுறி வரம்பிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். உளவியல் கல்வியும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை பெற்றவர்களில் 76 விழுக்காட்டினர். எடையில் குழுக்களிடையே பெரிய வித்தியாசம் இல்லை. தியானப் பயிற்சியை அதிகம் செய்தவர்களுக்குத்தான் எடையும் குறைந்தது. யோகாவைப் பொறுத்தவரை, உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்ற 54 வளரிளம் பருவத்தினரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது; ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் உணவைப் பற்றிய ஓயாத சிந்தனை தணிந்தது. ஆக, முதலில் தணிவது அள்ளிச் சாப்பிடுவதும் உணவைப் பற்றிய ஓயாத நினைப்பும். எடை அதன் பின்னால், மெதுவாக, சிலருக்கு மட்டும்.

பசியின்மைக் கோளாறில் (எடை கூடிவிடும் என்ற பயத்தில் உணவை ஒதுக்கும் அனோரெக்சியா) இருப்பவர்கள் தாமாக இதைத் தொடங்கக் கூடாது. அவர்களுக்குப் பசிக் குறிப்பே நம்பத்தக்கதாக இராது, மருத்துவர் வகுத்த உணவுத் திட்டமே முதல். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் 3 வரட்டும் என்று காத்திருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வேளையை மாற்றாமல், எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில் மட்டும் கவனம் வைக்கலாம். சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ ஜிஎல்பி-1 வகை ஊசி போடுபவர்களுக்குப் பசியே மங்கியிருக்கும், அவர்களும் கடிகாரத்தைப் பார்த்தே சாப்பிட வேண்டும். சிறுநீரக நோய், ஒவ்வாமை போன்றவற்றுக்காக விலக்கிய உணவு விலக்கியதுதான். வயிறு என்ன சொன்னாலும் அதில் மாற்றமில்லை.

எடையைத் தினமும் பார்ப்பதை நிறுத்திவிடலாம். உப்பு, தண்ணீர், மலம், மாதவிடாய் எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு கிலோவை நாளுக்கு நாள் ஏற்றி இறக்கும். அதைப் பார்த்து அன்றைய சாப்பாட்டை முடிவு செய்தால் பழைய இடத்துக்கே திரும்பியாயிற்று. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் பார்க்க வேண்டியவை வேறு: வாரத்தில் எத்தனை வேளை 9, 10ஐத் தொட்டது, எத்தனை வேளை 1, 2இல் உட்கார்ந்தோம், தட்டில் மிச்சம் வைக்க முடிகிறதா, இரவில் எழுந்து தேடுவது குறைந்ததா. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஏற்கெனவே கூடியிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையில் தெரிந்துவிடும். அந்த எண்கள் நகரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அதற்காகப் பயிற்சியை விட வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றாகப் போகும்.